தாத்தா பெயரின் வால்

பெரியப்பா மகனும் நானும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். எங்கள் இருவரின் சிங்கப்பூர் அடையாள அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அண்ணன் பெயரின் கடைசியில் 'பிள்ளை' இருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில் ஒய் எழுத்தில் முடிகிற பிள்ளை. என் பெயரில் அது கிடையாது. டி, ஒரு சாய்கோடு, ஓ (ஆங்கிலத்தில் 'இன்னார் மகள்' என்பதன் சுருக்கம்), அப்புறம் அப்பா பெயர், அவ்வளவுதான். நாற்பது வயதுவரை இது எனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. வீட்டுக்கு வீடு வாசற்படி, பெயருக்குப் பெயர் எழுத்துக்கூட்டு என்று இருந்துவிட்டேன்.

தாத்தா 1958-இல் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது கும்பகோணம் பக்கத்தில் மூன்று மா நஞ்சை வாங்கிப் போட்டார். கடைசிக் காலத்தில் ஊரோடு போய் அங்கேயே கண்ணை மூடினார். நிலத்தைத் தூரத்துச் சித்தப்பா ஒருவர் உழுது வந்தார். மூன்று வருடம் முன்பு அவர் போன் செய்தார். "எனக்கு முடியலம்மா. பட்டா இன்னும் உங்க தாத்தா பேர்லயே கெடக்கு. இருக்கும்போதே வந்து மாத்திக்கிட்டுப் போயிடுங்க."

ஒரு வாரம் லீவு போதும் என்று நினைத்து நானும் அண்ணனும் கிளம்பினோம். போன இடத்தில் காகிதங்களை வாங்கிப் பார்த்த அலுவலர், மேசைமேல் சீட்டு பரப்புவதுபோல் வரிசையாக வைத்தார். 1958 பத்திரத்தில் தாத்தா பெயரோடு தமிழில் 'பிள்ளை'. 1948-இல் சிங்கப்பூரில் அடையாள அட்டை முதன்முதலாக வந்தபோது தாத்தா வாங்கியதில் ஆங்கிலத்தில் ஒய் போட்ட பிள்ளை. பெரியப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ஐ எழுத்தில் முடிகிற பிள்ளை. என் அப்பாவின் பிறப்புச் சான்றிதழில், தகப்பன் பெயர் என்ற இடத்தில், தாத்தா பெயர் மொட்டையாக நிற்கிறது.

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். "ஒருத்தர் பிள்ளை மகன்ங்கிறார். இன்னொருத்தர் வேற ஆள் மகன்ங்கிறார். ரெண்டு தகப்பனா?"

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனையின் பதிவு முகப்பில். இதே கேள்வியை நான் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறேன்!

சிங்கப்பூர் திரும்பி வந்ததும் தோ பாயோவில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனேன். எண்பத்து நான்கு வயது. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கத்தி. வெற்றிலைச் செல்லத்தை மூடிக்கொண்டே சொன்னார்: "பிள்ளையா? உங்க தாத்தா கப்பல் ஏறுறப்ப ஏது பிள்ளை? அது இங்க வந்து ஒட்டுனது."

தாத்தா முதலில் வேலைக்குச் சேர்ந்தது மார்க்கெட் ஸ்திரீட்டில், செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கி ஒன்றில். வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த அந்தக் காலத்து மார்க்கெட் ஸ்திரீட். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் சாய்வுப் பெட்டியை வைத்துக்கொண்டு பேரேடு எழுதுகிற வேலை. கணக்கு எழுதுகிறவரைக் கணக்கப்பிள்ளை என்பதுதான் வழக்கம். கிட்டங்கியில் வருகிறவர் போகிறவர் எல்லாம் 'பிள்ளை, பிள்ளை' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு எந்தக் காகிதத்தில் யார் பெயரைக் கேட்டாலும் தாத்தா அதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். எழுதிக்கொண்ட ஆங்கில எழுத்தருக்கு எது பெயர், எது வேலை என்று எப்படித் தெரியும்? சீனருக்கு டான், லிம் என்று குடும்பப் பெயர் இருப்பதுபோல் இவருக்குப் பிள்ளை என்று எழுதிவிட்டார்.

இதைக் கேட்டதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பரம்பரைப் பெயர் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு உத்தியோகப் பெயர்! நான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது. ஊரிலும் அப்படித்தான், கிராமக் கணக்கு பார்த்தவர் எந்த வீட்டுக்காரராக இருந்தாலும் கணக்குப்பிள்ளை என்று அழைக்கப்பட்ட இடங்கள் உண்டு. பரம்பரைக் கிராமக் கணக்கர் பதவியைத் தமிழக அரசு 1980-இல் ஒழித்துவிட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலரை அந்த இடத்தில் வைத்தது. எங்கள் காகிதங்களைச் சீட்டுபோல் பரப்பியவர் அவர்தான். தாத்தாவின் தொழில்முறை வாரிசிடமே தாத்தாவின் பெயரை நிரூபிக்கப் போயிருக்கிறோம்.

அப்படியானால் அப்பாவின் சான்றிதழில் மட்டும் ஏன் மொட்டை? அதற்கும் அத்தையிடம் பதில் இருந்தது. அப்பா பிறந்தபோது தாத்தா வேலை விஷயமாகப் பினாங்கில் இருந்தார். பிறப்பைப் பதியப் போனவர் பக்கத்து வீட்டுக்காரர், சீர்திருத்தக்காரர், கறுப்புச் சட்டை. "குழந்தைக்கு எதுக்கு வாலு?"ன்னுட்டு அவரே வெட்டிட்டு வந்துட்டார்! தாத்தா வந்து சத்தம் போட்டிருக்கிறார். ஆனால் திருத்தப் போகவில்லை. அதற்கும் ஒரு நாள் கூலி போகுமே.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை நான் குற்றம் சொல்லமாட்டேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரே 'நாயக்கர்' என்பதை விட்டார். அதே ஆண்டுக் கடைசியில் அவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932-இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். லிட்டில் இந்தியா பக்கம் டேக்காவில் டீ குடித்துக்கொண்டு முரசை உரக்கப் படித்தவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லாமல், முன்னால் ஒரு தலைப்பெழுத்தோடு நிற்பதற்குக் காரணம் அந்தக் காலத்து வேகம்தான். தலைப்பெழுத்து அப்பாவின் பெயர். சிங்கப்பூரில் அதைச் சுருக்காமல் 'இன்னார் மகன், இன்னார் மகள்' என்று முழுதாக எழுதினார்கள்.

என் அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. கூடவே ஒரு குத்தலும். "வாலை வெட்டிட்டாங்கதான். பெண் பார்க்கப் போறப்ப மட்டும் டிராயர்லேருந்து எடுத்து ஒட்டிக்கிறாங்க" என்பார்.

இதற்கிடையில் என் மகள், தொடக்கப்பள்ளி நாலு, ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "பிள்ளைன்னா சின்னப் பிள்ளைதானேம்மா? கொள்ளுத் தாத்தாவுக்கு எப்படி அது பேர்?"

தொல்காப்பியத்தின் மரபியலில் இளமையைக் குறிக்கும் சொற்கள் ஒன்பது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை என்று இன்றைக்கும் சொல்கிறோம். தென்னங்கன்று என்பதைவிடத் தென்னம்பிள்ளை என்பதில்தான் பாசம் அதிகம். இளமைக்குரிய சொல் பிறகு மரியாதைக்குரியதானது. அரசன் வீட்டுப் பிள்ளை என்றால் இளவரசன், சோழர் கல்வெட்டுகளில் பிள்ளையார் என்று வருகிறவர்கள் அவர்கள். பிள்ளையோடு 'ஆர்' சேர்த்துக் கும்பிட்டால் ஆனைமுகன். மகளுக்கு இந்தக் கடைசி ஒன்று மட்டும் பிடித்துப்போய், கொள்ளுத் தாத்தாவின் தொப்பையும் அதற்கு ஒத்துவருகிறது என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஒரே சாதியின் சொத்தாகவும் அது இருந்ததில்லை. வைணவ ஆசாரியர்களில் நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, பிள்ளை லோகாச்சாரியார் இருக்கிறார்கள், இவர்கள் வேளாளர் அல்லர். வேளாளரில் பல பிரிவினருக்கு அது பட்டமாக நிலைத்தது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை யாதவர். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'புல்லே' என்று எழுதினார்கள். இலங்கையில் கொழும்புச் செட்டிகளிடம் அது 'புள்ளே'. திருவிதாங்கூர்ப் பக்கம் போனால் நாயர்களில் பலருக்கும் பிள்ளை உண்டு.

என்னோடு முகப்பில் வேலை செய்யும் மலையாளி அக்கா ஒருவரின் கணவர் ஐ போட்ட பிள்ளை. அண்ணனின் பெயரைப் பார்த்துவிட்டு "நாம சொந்தமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த டான் குடும்பத்துச் சக ஊழியர், "ஒரே குடும்பப் பெயர், அப்போ சொந்தம்தானே?" என்று உறுதியாகச் சொன்னார். சீனர் வழக்கில் ஒரே குடும்பப் பெயர் என்றால் எங்கோ ஒரு மூதாதையர் உண்டு என்ற நினைப்பு. நமக்கு அப்படிக் கணக்குப் போட்டால் தப்பு. பிள்ளை என்பது ரத்தத்தைவிட மரியாதையையும் பதவியையும்தான் அதிகம் சொல்கிறது. எங்கள் விஷயத்தில் ஒரு பேரேட்டை.

அது ஏன் இத்தனை இடத்தில் இருக்கிறது என்பதற்கும் கப்பல்தான் காரணம். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிப்போன கப்பல்களின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. பெயரோடு கூப்பிட்டதெல்லாம் அங்கே குடும்பப் பெயராக இறுகிவிட்டது. ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவி பிள்ளை டர்பனில் பிறந்தவர், அவருக்கும் ஒய்தான். நம் ஊரில் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 1972 முதல் 1996 வரை தலைவராக இருந்த ஜே. ஒய். பிள்ளை மலாயாவின் கிள்ளானில் பிறந்தவர், அவருக்கும் ஒய். 'பிள்ளே' என்று வாசித்துவிடுவார்களே என்ற பயமெல்லாம் அந்தக் காலத்து எழுத்தர்களுக்கு இல்லை.

சிங்கப்பூரில் நாம் அறிந்த முதல் பிள்ளை 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை. செங்கல் சூளை வைத்தவர், 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழும்ப வழிசெய்தவர். இன்னொரு பிள்ளையை நாம் வாரம் தவறாமல் சொல்கிறோம், தெரியாமலே. பெருமாள் கோயில் பக்கத்தில் பி.ஜி.பி. மண்டபத்தில் எத்தனை கல்யாணத்துக்குப் போயிருப்போம்? செராங்கூன் சாலை வணிகர் பி. கோவிந்தசாமி பிள்ளையின் பெயர் அது. கடைசி 'பி' தான் பிள்ளை. அண்ணன் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. ஒரு வாலுள்ள மண்டபத்தில் ஒரு வாலுள்ள மாப்பிள்ளை என்று அப்பா அன்றைக்குக் கிண்டல் செய்தது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். முகப்பில் உட்கார்ந்து கற்றதையும் இந்தப் பட்டா அலைச்சலில் கற்றதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 'ரெண்டு தகப்பன்' கேள்விக்கு நாங்கள் எப்படிப் பதில் சொன்னோம் என்பது. சிலர் உடனே பெயரைத் திருத்தப் போவார்கள். நாங்களும் அதைத்தான் யோசித்தோம். நல்லவேளை, போகவில்லை. அண்ணனின் பெயரை இன்று திருத்தினால் அவனுடைய படிப்புச் சான்று, திருமணச் சான்று, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றுக்கும் புதிய இடைவெளி ஒன்று உண்டாகும். பழைய காகிதம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், அவற்றையெல்லாம் கோக்கிற ஒரு கயிறு போதும் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். அந்தக் கயிறு, 'இத்தனை பெயரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரம். தாத்தாவின் பெயர் எந்தெந்த ஆவணத்தில் எப்படியெப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்து விடாமல் அதில் வரிசைப்படுத்தினோம். முதல் வரைவில் பெரியப்பா சான்றிதழிலிருந்த ஐ வடிவத்தை விட்டுவிட்டேன். அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இருக்கிற எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது. நாங்கள் அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு ஞாயிறு முழுக்க அதைச் செய்தோம்.

வெளிநாட்டில் காட்டுவதென்றால் அதை நோட்டரி முன்னால் செய்ய வேண்டும். பிறகு சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டிலும் செல்லும் என்கிற சான்று. 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூரில் இந்த வழி இருக்கிறது. இந்தியாவும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரகத்தில் தனியாக இன்னொரு முத்திரை வாங்கும் வேலை மிச்சம்.

அத்தையின் பேச்சைப் போனில் பதிவு செய்துகொண்டேன். எந்த அலுவலகமும் அதைக் கேட்கப்போவதில்லை. ஆனால் உறுதிமொழியில் என்ன எழுதுவது என்று எங்களுக்குத் தெரிந்ததே அந்தப் பதிவால்தான். தகரப் பெட்டியில் தாத்தாவின் 1948 அட்டை இருக்கிறது என்பதைக்கூட அத்தைதான் சொன்னார். பூச்சி அரித்த கல்யாணப் பத்திரிகை ஒன்றும் அதில் கிடந்தது. அதில் தாத்தாவும் பெரியப்பாவும் அப்பாவும் ஒரே பக்கத்தில், ஒரே குடும்பமாக அச்சாகியிருந்தார்கள். உங்கள் வீட்டிலும் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

விமான டிக்கெட் விஷயத்தில் நான் ஒருமுறை சூடுபட்டவள். இணையத்தில் பதியும்போது சாய்கோட்டை அது ஏற்கவில்லை. சரிதான் போ என்று டி-யையும் ஓ-வையும் தூக்கிவிட்டேன். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர். விமான நிலையத்தில் டிக்கெட்டும் கடப்பிதழும் ஒத்துப்போகவில்லை என்று இருபது நிமிடம் நிற்கவைத்தார்கள், பின்னால் ஒரு சுற்றுலாக் குழுவே முனகியது. நம் கடப்பிதழில் பெயர் ஒரே வரிதான், குடும்பப் பெயருக்குத் தனி இடம் இல்லை. அதனால் இப்போது நான் பார்ப்பது அடியில் அம்புக்குறி நிறைந்த அந்த வரியை. இயந்திரம் படிப்பது அதைத்தான். பெயருக்கு அதில் 39 இடம். சாய்கோடு அங்கே எப்படி மாறியிருக்கிறதோ அப்படியே டிக்கெட்டில் போட்டுவிடுவது. ஊரிலிருந்து துபாய் வழியாக வரும் சொந்தக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன்: 2022 நவம்பரில் அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிற சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் ஏராளம்.

முகப்பில் தினமும் நடப்பது வேறு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு 'மிஸ்டர்' போட்டு அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் அது அவர் அப்பாவின் பெயர். ஒரு பெரியவர் என்னிடம், "எங்கப்பா செத்து முப்பது வருஷமாச்சும்மா, அவர எதுக்குக் கூப்பிடுறே?" என்றார். நான் புதியவர்களுக்கு அதிபரை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். தர்மன் சண்முகரத்னத்தைச் செய்தித்தாள்கள் திரு தர்மன் என்றுதான் எழுதும், சண்முகரத்னம் அவர் தந்தை பெயர். ஆனால் டாக்டர் விவியன் பாலகிருஷ்ணனை டாக்டர் பாலகிருஷ்ணன் என்கிறார்கள். முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதனின் நாதனோ, ராமநாதன் என்ற அவர் சொந்தப் பெயரின் பின்பாதி. ஒரே சட்டம் இல்லை. எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டுவிடுவதுதான் சுலபம்.

சிங்கப்பூரில் குழந்தை பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். மகனுக்கு எஸ் ஓ, மகளுக்கு டி ஓ போட்டே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, இது பலருக்குத் தெரியாது. நானும் கணவரும் மகளுக்குப் பெயர், இடைவெளி, அவள் அப்பாவின் பெயர், அவ்வளவுதான் வைத்தோம். அண்ணன் தன் மகனுக்குப் பிள்ளையைத் தொடர்ந்தான். என் அபிப்பிராயம் கேட்டால், பட்டத்தை வைப்பதென்றால் அதன் கதையைத் தெரிந்துகொண்டு வைக்கலாம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது வெறும் குடும்பப் பெயர், தமிழ்நாட்டில் இறங்கியதும் அது சாதி விசாரணைக்கான கதவு. பட்டா விஷயமாகப் போனபோது எங்களைக் கேட்ட இரண்டாவது கேள்வியே "நீங்க பிள்ளைமாரா?" என்பதுதான். அண்ணன் திணறினான். "கணக்கப்பிள்ளை வீடு" என்றேன் நான். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை.

அண்ணன் மகனுக்கு இப்போது 21. தேசிய சேவை முடித்துவிட்டான். டீட் போல் என்கிற பெயர் மாற்றப் பத்திரம் போட்டு வாலை எடுத்துவிடட்டுமா என்று கேட்டு வீட்டில் ஒரு வாரம் புகைந்தது. கிட்டங்கிக் கதையைக் கேட்டபிறகு, இருக்கட்டும் என்கிறான். பேரேட்டுக்காரர் பெயர் என்றால் அவனுக்குப் பிடித்திருக்கிறதாம். படிப்பது கணக்கியல்.

நோட்டரி, அப்போஸ்டில், இரண்டு பயணம் எல்லாம் முடிந்து போன மாதம் பட்டா மாறிவிட்டது. சித்தப்பா அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் சிங்கப்பூர்க் காகிதங்களை ஆங்கிலத்தில் பார்த்து யாரோ தமிழில் தட்டியிருக்கிறார்கள். அண்ணன் பெயருக்குப் பின்னால் 'பில்லே' என்று இருக்கிறது.

"திருத்தணுமா?" என்று அண்ணனுக்கு எழுதினேன்.

"உறுதிமொழில இந்த ஒண்ணு மட்டும் இல்லையே" என்று பதில் வந்தது. பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.